தலைகீழ் மேசையில் கணுக்கால் வலி: பிடியை எப்படி மாற்றுவது?

கேள்வி:
முதுகைத் தளர்த்துவதற்காக மூன்று மாதங்களாகத் தலைகீழ் மேசையை (கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உடலைத் தலைகீழாகச் சாய்க்கும் கருவி) பயன்படுத்துகிறேன். கிடைநிலையிலிருந்து 60 பாகைக்குச் சாய்ந்தவுடன், முதுகில் இழுப்பு தெரியும் முன்பே கணுக்கால் பிடியின் நுரை உருளைகள் எலும்பை அழுத்துகின்றன. இதன் அமைப்பை மேம்படுத்த வழி உண்டா?

பதில் 1:
உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 30 பாகையில் உடல் எடையில் பாதியும், 60 பாகையில் ஏறத்தாழ 87 விழுக்காடும் கணுக்காலுக்கே வந்து சேர்வதால், உருளையின் மென்மையைவிட அது அழுத்தும் பரப்பே முக்கியம். குதிகாலுக்கு மேலுள்ள வளைவைத் தழுவும் அகன்ற கிண்ண வடிவப் பிடி சுமையைப் பரப்பும். கணுக்காலை மூடும் காலணி அணிவது மலிவான வழி. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பதில் 2:
மேசையின் உறையையும் கவனியுங்கள். சொரசொரப்பான துணி உராய்வால் சுமையில் ஒரு பங்கைத் தாங்கிக் கணுக்காலைக் காத்தாலும், முதுகு நீள்வதையும் அதே அளவுக்குத் தடுக்கும். தடித்த மெத்தை போட்டவர்கள் ஏமாந்ததற்கு இதுவே காரணம் என நினைக்கிறேன்.

பதில் 3:
மேசையில் உங்கள் உயரத்துக்கேற்ப வைக்கும் அளவைச் சரிபார்த்தீர்களா? கையை உயர்த்தும்போது மெதுவாகச் சாய வேண்டும். சட்டெனக் கவிழ்ந்தால் அளவு தவறு. கண் நீர் அழுத்த நோயோ உயர் இரத்த அழுத்தமோ இருப்பின், மருத்துவரைக் கேட்காமல் சாய வேண்டாம்.