ஐந்தாம் வார ஸ்கேனில் பை மட்டுமே தெரிகிறது, குமட்டலும் நின்றுவிட்டது

காத்திருப்பவள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இது என் முதல் கர்ப்பம். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணி 36ஆம் நாள் வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்தேன். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் தெரிந்தது. 40ஆம் நாள் மருத்துவர் உள்ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த நாளுக்கு இது இயல்புதான், இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்து அறிக்கையைப் படித்தேன். கருப்பைக்குள் 6 மி.மீ. அளவில் கரு வளரும் பை ஒன்று உள்ளது, கரு தென்படவில்லை, இதயத் துடிப்பு தென்படவில்லை என்று அதில் எழுதியிருந்தது. "தென்படவில்லை" என்ற சொல்லுக்குப் பிறகு அந்தத் தாளில் வேறு எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

என் மாதவிடாய்ச் சுழற்சி சில மாதம் 28 நாட்களாகவும் சில மாதம் 34 நாட்களாகவும் இருப்பது வழக்கம். சென்ற வாரம் முழுவதும் காலையில் குமட்டல் இருந்தது, எந்த வாசனையும் ஒத்துக்கொள்ளவில்லை. நேற்று முதல் அது சட்டென்று நின்றுவிட்டது. மார்பில் இருந்த வலியும் குறைந்திருக்கிறது. மூன்று நாட்களுக்கு முன் ஒரே ஒரு முறை பழுப்பு நிறத்தில் சிறு கறை பட்டது, பிறகு இல்லை. இவற்றை எப்படிப் புரிந்துகொள்வது? அடுத்த ஸ்கேன் வரை எதைப் பொருட்படுத்த வேண்டும், எதை விட்டுவிடலாம்? இன்னொரு குழப்பமும் உண்டு. கரு தரித்து நான்கு வாரம்கூட ஆகியிருக்காது என்பது எங்கள் கணக்கு, அறிக்கையிலோ ஐந்து வாரம் ஐந்து நாள் என்று இருக்கிறது.

இரு பிள்ளைகளின் தாய் எழுதியது:

வாழ்த்துகள், சகோதரி. கடைசிக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். கரு தரித்த நாள் பெரும்பாலும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்பதால், கடைசி மாதவிடாயின் முதல் நாளையே கர்ப்பத்தின் முதல் நாளாகக் கொண்டு எண்ணுவது மருத்துவ வழக்கம். அந்தக் கணக்கில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் எதுவுமே இருக்காது. 280 நாள் என்று சொல்லப்படுவதும் அந்த நாளிலிருந்துதான். எனவே உங்கள் கணக்கும் தவறில்லை, அறிக்கையும் தவறில்லை.

மசக்கையைப் பொறுத்தவரை என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் பிள்ளைக்கு ஆறாம் வாரம் தொடங்கிய வாந்தி பதினான்காம் வாரம் வரை என்னைக் கட்டிலோடு கிடத்தியது. குளியலறையில் சோப்பை வைத்திருந்த பெட்டியைத் திறந்தாலே ஓடிவிடுவேன். இரண்டாவது பிள்ளைக்குப் பகலெல்லாம் தூக்கம் தூக்கமாக வந்ததைத் தவிர வேறு எதுவும் இல்லை. இருவரும் நலமாகவே பிறந்தார்கள். காத்திருக்கும் நாட்களில் மனம் அமைதியடைய நான் ஒரு வழி வைத்திருந்தேன். இரண்டு நாட்களுக்கு ஒரு முறை வீட்டுப் பரிசோதனை செய்து, கோடு அழுத்தமாகி வருகிறதா என்று பட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்ப்பேன். நீங்களும் அப்படிச் செய்து பார்க்கலாம்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

மகப்பேறு பிரிவில் நீண்ட காலம் பணிபுரிந்தவள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முன்னவர் சொன்னவற்றில் நாள் கணக்கு சரியானது, ஆனால் பட்டைகளை அடுக்கிப் பார்க்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். அந்தப் பட்டை எச்.சி.ஜி என்ற கர்ப்ப கால ஹார்மோன் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்காகச் செய்யப்பட்டது. கோட்டின் அழுத்தம் நீங்கள் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்பதைப் பொறுத்துக்கூட மாறும். நல்ல நிலையில் உள்ள கர்ப்பத்திலும் ஒரு நாள் மங்கலான கோடு வந்து, அன்று இரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். ஹார்மோன் ஏறுகிறதா என்று உண்மையிலேயே அறிய வேண்டியிருந்தால், 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை இரத்தத்தில் அளந்து பார்ப்பார்கள். அதையும் மருத்துவர் தேவை என்று கருதினால்தான் செய்ய வேண்டும்.

இனி உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். உள்ஸ்கேனில் முதலில் தெரிவது பை, அது ஐந்தாம் வாரத்தை ஒட்டித் தென்படும். அதன்பின் ஐந்தரை வாரம் அளவில் பைக்குள் சிறு வளையம் போல, கருவுக்குத் தொடக்கத்தில் ஊட்டம் தரும் மஞ்சள்கருப் பை தெரியும். ஆறாம் வாரத்தை ஒட்டியே கருவும் அதன் இதயத் துடிப்பும் தென்படத் தொடங்கும். இது 28 நாள் சுழற்சியுள்ள பெண்ணுக்கான கணக்கு. உங்கள் சுழற்சி இம்முறை 34 நாட்களாக இருந்திருந்தால் கருமுட்டை ஏறக்குறைய ஆறு நாள் தாமதமாக வெளிவந்திருக்கும். அப்படியானால் ஸ்கேன் எடுத்த அன்று கருவின் உண்மையான வயது ஐந்து வாரத்தை எட்டியிருக்கவே வாய்ப்பில்லை. 36ஆம் நாளிலும் கோடு மங்கலாக இருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதோடு பொருந்தி வருகிறது. பையின் சராசரி அளவு 25 மி.மீ. ஆகியும் கரு தெரியாவிட்டாலோ, கரு 7 மி.மீ. நீளமாகியும் துடிப்பு இல்லாவிட்டாலோதான் கர்ப்பம் நிலைக்கவில்லை என்று உறுதியாகச் சொல்வார்கள். 6 மி.மீ. பையை வைத்து நல்லது என்றோ கெட்டது என்றோ யாராலும் சொல்ல முடியாது. 14 நாட்கள் என்ற இடைவெளியும் மேம்போக்காகக் கொடுக்கப்பட்டதல்ல. அதற்கு முன்னால் பார்த்தால் மீண்டும் இதே குழப்பம்தான் மிஞ்சும். அறிக்கையில் "தென்படவில்லை" என்றால் "இன்னும் தெரியும் அளவுக்கு வளரவில்லை" என்ற பொருளும் உண்டு. எழுதுபவர்கள் இதை வேறு சொற்களில் எழுதலாமே என்று பணியில் இருந்த காலத்திலேயே நான் நினைத்ததுண்டு.

அறிகுறிகளை வைத்துக் கர்ப்பத்தின் நலத்தை அளக்க இயலாது. புரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோன் மிகுவதால் சோர்வும் மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் வரும். சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் கூடுவதால் அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும். குமட்டலுக்கு நாங்கள் வெகுகாலம் எச்.சி.ஜி மீதே பழி போட்டுவந்தோம். ஆனால் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கும், கர்ப்பத்துக்கு முன் தாயின் உடல் அதற்கு எவ்வளவு பழகியிருந்தது என்பதற்கும் இதில் பெரும் பங்கு உண்டென்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே ஹார்மோன் ஒருத்தியைப் படுக்கையில் தள்ளுவதும் இன்னொருத்தியைத் தொடாமல் விடுவதும் இதனால்தான் புரிந்துகொள்ளக்கூடியதாகிறது. ஐந்தாம் ஆறாம் வாரங்களில் குமட்டல் வருவதும் போவதும் சாதாரணம். பெரும்பாலோருக்கு ஒன்பதாம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், அதன்பின் மெல்லத் தணியும். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், சிறுநீர் அடர்ந்து குறைந்து, எடை இறங்கினால் அதை மசக்கை என்று பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அதற்குச் சிகிச்சை உண்டு.

கறை பற்றி: முதல் மூன்று மாதங்களில் நான்கில் ஒரு பெண்ணுக்கு ஏதேனும் ஒரு வகையில் இரத்தக் கசிவு ஏற்படுகிறது. அவர்களில் பலருக்குக் கர்ப்பம் தொடரவே செய்கிறது. பழுப்பு நிறம் பழைய இரத்தத்தைக் குறிக்கும். ஆனாலும் அது மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக விடாத வலி, தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி, மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருதல், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் நனையும் அளவு உதிரப்போக்கு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும், இரவா பகலா என்று பாராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பைக்குள் மஞ்சள்கருப் பை தெரியும் வரை, கரு கருக்குழாயில் தங்கியிருக்கக்கூடும் என்ற சிறு வாய்ப்பை முழுவதுமாக ஒதுக்கிவிட முடியாது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம் பன்னிரண்டாம் வாரம் வரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் தொடங்கவில்லை என்றால் இன்றே தொடங்குங்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், அறிக்கையில் உள்ள வாரக் கணக்கில் ஆறாம் வாரத்திலேயே மூடிக்கொள்கிறது. வலிக்கோ காய்ச்சலுக்கோ ஐபுரூஃபன் வேண்டாம், பாராசிட்டமால் போதும். மதுவும் புகையும் அறவே கூடாது. வழக்கமான வேலைகளைச் செய்வதற்குத் தடையில்லை.

ஒருமுறை இழந்தவள் எழுதியது:

செவிலி அம்மா சொன்னவற்றோடு ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். எனக்கு முதல் கர்ப்பம் ஒன்பதாம் வாரத்தில் நின்றது, குமட்டலோ கடைசி நாள் வரை இருந்தது. இரண்டாவது முறை ஏழாம் வாரத்தில் குமட்டல் முழுவதுமாக நின்றது, அந்தக் குழந்தை இப்போது பக்கத்து அறையில் உறங்குகிறது. எனவே காலையில் எழுந்ததும் உடம்பைத் துருவித் துருவிப் பார்ப்பதை நான் கைவிட்டேன். பரிசோதனையில் உறுதியான கர்ப்பங்களிலும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை நிலைப்பதில்லை. அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் குறைபாடே காரணம். மாடிப்படி ஏறியதாலும் வேலைக்குப் போனதாலும் ஒரு வாளியைத் தூக்கியதாலும் அது நேர்வதில்லை. இழந்த பிறகு எத்தனையோ பேர் என்னிடம் "என்ன செய்தாய்" என்றுதான் கேட்டார்கள். நீங்கள் அந்தக் கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொண்டு இந்த இரண்டு வாரத்தைக் கழிக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

காத்திருப்பவள் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அறிக்கையை மீண்டும் எடுத்துப் படித்தேன். கடைசி வரியில் "நாட்களுக்கு ஏற்ற அளவு, தொடர்ந்து கவனிக்கவும்" என்று இருக்கிறது, அன்று அது என் கண்ணில் படவே இல்லை. வாங்கி வைத்திருந்த இரண்டு பரிசோதனைப் பட்டைகளை அலமாரியில் உள்ளே தள்ளிவிட்டேன். என் இரத்த வகை பாசிட்டிவ், கறை பற்றி நாளை தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன். ஒன்று விட்டுப்போயிற்று. இரண்டு ஆண்டுகளாகத் தைராய்டு குறைவுக்கு மாத்திரை எடுத்து வருகிறேன். ஸ்கேன் எடுத்த மருத்துவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் பதற்றத்தில் சொல்லவில்லை. அடுத்த முறை போகும்போது சொன்னால் போதுமா?

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

போதாது, அதையும் நாளையே சொல்லிவிடுங்கள். முதல் மூன்று மாதங்களில் குழந்தை தன் தேவைக்குத் தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. அதனால் தைராய்டு குறைவுக்கான லெவோதைராக்சின் மாத்திரை எடுத்துவரும் பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியானதுமே இரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பார்த்து, பெரும்பாலும் மாத்திரையின் அளவை 25 முதல் 30 விழுக்காடு வரை கூட்டுவார்கள். எவ்வளவு கூட்டுவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், பயந்து நிறுத்தவும் வேண்டாம். பின்னர் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் எழுதித் தருவார்கள். அவற்றைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் மாத்திரை உடலில் சரியாகச் சேராது.