ஜட்லாந்தில் வெடித்தது கவசத்தாலா, கதவாலா?

ஆறங்குலம்: முதல் உலகப் போர்ல பிரிட்டனும் ஜெர்மனியும் கடல்ல மோதின 1916 மே 31 ஜட்லாந்து சண்டையில, பிரிட்டிஷ் பேட்டில்குரூசர் (வேகமான பெரிய போர்க்கப்பல்) மூணு வெடிச்சதுக்கு, வெடிமருந்துக் கிடங்குக் கதவைத் திறந்து போட்ட மாலுமிகளோட அலட்சியம்தான் காரணம்னு ஒரு மேதாவி எழுதியிருக்கார். செத்தவங்க தலையிலயே பழியா? அந்த மூணுல ஒண்ணான இன்டெஃபாடிகபிளோட பக்கக் கவசம் 6 அங்குலம். அதை அடிச்ச ஜெர்மன் கப்பல் ஃபான் டெர் டானுக்கு 250 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 10 அங்குலம். இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்?

கொதிகலன்: அந்த மேதாவி நான்தான் சார். பேரைச் சொல்லியே திட்டலாம். வெடிச்சதுல இன்னொண்ணு குயின் மேரி, அதுக்கு 9 அங்குலம். அதே சண்டையில இருந்த பிரிட்டிஷ் கப்பல் லயனுக்கும் 9 அங்குலம். குயின் மேரி 1,266 பேரோட போச்சு, லயன் வீடு திரும்புச்சு. லயனோட நடு டரட்டை (பீரங்கிக் கூண்டை) குண்டு துளைச்சு உள்ள இருந்தவங்க விழுந்தப்போ, சாகப்போற மேஜர் ஹார்வி கிடங்கை மூடித் தண்ணி விடச் சொன்னார். பிரிட்டனோட உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸை அவருக்குச் சும்மா கொடுக்கல. கதவு சார், கதவு.

ஆறங்குலம்: குயின் மேரியில கதவு திறந்திருந்ததை நீங்க நின்னு பாத்தீங்களோ? பிழைச்சவங்களே இருபது பேர்தான். குண்டு உள்ள வராம இருந்தா கதவு திறந்தா என்ன, மூடினா என்ன?

கொதிகலன்: 9 அங்குலத்துலயும் உள்ள வந்துச்சே! வேகமா சுடணும்னு கார்டைட்ங்கிற வெடிமருந்துப் பைகளைக் கிடங்குக்கு வெளியவே அடுக்கி, கதவையும் திறந்து போட்டாங்க. லயன்ல அலெக்சாண்டர் கிராண்ட்னு தலைமை கன்னர் (பீரங்கிப் பொறுப்பாளர்), அப்படி அடுக்கக் கூடாதுன்னு முன்னாடியே கண்டிப்பு பண்ணி வச்சிருந்தார். அது தப்பிச்சது தற்செயலா?

உப்புக்காற்று: ஜட்லாந்துல டைகர்ங்கிற பிரிட்டிஷ் பேட்டில்குரூசரும் பத்துக்கு மேல அடி வாங்கித் தப்பிச்சுது அண்ணே. அங்கயும் கிராண்ட் இருந்தாரா? இன்னொண்ணு. 1915 ஜனவரி டோகர் பேங்க் கடற்சண்டையில ஜெர்மன் பேட்டில்குரூசர் ஸைட்லிட்ஸோட பின் டரட் ரெண்டும் எரிஞ்சு 150 பேருக்கு மேல செத்தாங்க. ரெண்டு டரட்டுக்கும் நடுவுல இருந்த கதவைத் திறந்துட்டாங்க. எரிஞ்சுது, ஆனா வெடிக்கல. ஜெர்மன்ல முக்கிய வெடிமருந்து பித்தளை உறைக்குள்ள, பிரிட்டிஷ்ல பட்டுத்துணிப் பையில. 1917 ஜூலையில பிரிட்டிஷ் போர்க்கப்பல் வான்கார்ட், ஸ்காப்பா ஃப்ளோ கடற்படைத் துறைமுகத்துல நங்கூரம் போட்டு நின்னப்பவே வெடிச்சு 800 பேருக்கு மேல போனாங்க. மருந்தைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறீங்களே?

கொதிகலன்: தம்பி, பெரியவங்க பேசறப்போ குறுக்க வராதீங்க. ஸைட்லிட்ஸ்ல ஹைட்காம்ப்ங்கிற மாலுமி கை வெந்தும் வால்வைத் திறந்து கிடங்குல தண்ணி விட்டார். தண்ணி விடறதும் கதவை மூடறதும் ஒண்ணுதான்.

ஆறங்குலம்: தண்ணியும் கதவும் ஒண்ணாம்! ஹூட் கப்பல் பத்திப் பேசினப்பவும் இதே கதைதான். நாலு நாள் கத்திட்டுக் கடைசியில "ஊருக்குப் போறேன்"னு நழுவினீங்க.

கொதிகலன்: அது என் அத்தை பொண்ணு கல்யாணம். ஆதாரம் வேணும்னா பத்திரிகை அனுப்பறேன்.

எம்டன்தாசன்: ஜெர்மன்காரன் கட்டினாத்தான் கப்பல். நம்ம ஊர்ல பயங்கரமான ஆளை எம்டன்னு சும்மாவா சொல்றோம்? 1914 செப்டம்பர்ல மெட்ராஸ் எண்ணெய் டேங்கைக் கொளுத்தின ஜெர்மன் கப்பல். ஜட்லாந்துல அவன் கப்பல் ஒண்ணாவது வெடிச்சுதா?

உப்புக்காற்று: வெடிச்சுது. பொம்மெர்ன். டார்பிடோ பட்டு ஒருத்தர்கூட மிஞ்சல.

எம்டன்தாசன்: அது பழைய கப்பல். கணக்குல வராது.

ஆறங்குலம்: எம்டன் மட்டும் என்ன, பேட்டில்குரூசரா? இங்க எதுக்கு வந்துச்சு? கொதிகலன் சாருக்கு ஒரே கேள்வி. சண்டை முடிஞ்சதும் மிச்சக் கப்பல்கள்ல கிடங்குக்கு மேல தகடு கூட்டினாங்களே, ஏன்? கதவுதான் காரணம்னா நாலு தாழ்ப்பாள் வாங்கியிருக்கலாமே.

கொதிகலன்: வாங்கினாங்க சார். தீ உள்ள பாயாதபடி கிடங்கு வழியெல்லாம் மாத்தினாங்க. அதை மட்டும் வசதியா விட்டுட்டீங்க. கதவு!

ஆறங்குலம்: 6 அங்குலம்!

உப்புக்காற்று: டைகர் கேள்விக்கு இன்னும் பதில் வரல.

கொதிகலன்: டைகர்லயும் யாராவது கதவை மூடியிருப்பாங்க.