மிளகாய்ச் செடியில் கொழுந்து சுருண்டு கோணலாக வருகிறது, அவசர உதவி தேவை

முல்லைக்கொடி:
தொட்டியில் வைத்த மிளகாய்ச் செடிகள் நன்றாகத்தான் வந்தன. இப்போது நுனிக் கொழுந்தெல்லாம் சுருண்டு, குட்டிக் குட்டியாகக் கோணிப்போய் வருகிறது, மொட்டும் உதிர்கிறது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. பக்கத்துத் தொட்டிக்கும் பரவுகிற மாதிரி இருக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மண்புழு:
இலை மேல்பக்கமாகச் சுருள்கிறதா, கீழ்ப்பக்கமாகவா? அது தெரியாமல் மருந்து சொல்ல முடியாது. இலையின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள்.

வேப்பங்கொட்டை:
என்ன உரம் போட்டீர்கள்? ஏற்கனவே ஏதாவது மருந்து அடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கருவேலன்:
மக்னீசியம் பற்றாக்குறைதான், எனக்குச் சந்தேகமே இல்லை. எப்சம் உப்பைத் தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளியுங்கள். என் செடிகளுக்கு நான் எப்போதும் செய்வது இதுதான், ஒருநாளும் கைவிட்டதில்லை.

பழையவேர்:
இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்கள் முன்பு எழுதியவற்றைக் கொஞ்சம் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும். கருவேலன், மக்னீசியம் செடிக்குள் இடம் மாறும் சத்து. பற்றாக்குறை வந்தால் செடி அதை முதிர்ந்த இலையிலிருந்து உருவிப் புதுத் துளிருக்கு அனுப்பும். அதனால் அடியிலைகள்தான் நரம்புக்கு நடுவே முதலில் மஞ்சளாகும், கொழுந்து கோணாது. இது அரிச்சுவடிப் பாடம்.

கருவேலன்:
பாடம் இருக்கட்டும், நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். தெளித்த பிறகு செடி பச்சென்று வந்தது.

பழையவேர்:
பச்சென்று வந்ததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். இடம் மாறாத சத்து கால்சியம், அது குறைந்தால்தான் கொழுந்து கோணும். மண்ணில் மக்னீசியத்தைக் கொட்டினால் வேர் கால்சியத்தை எடுப்பது இன்னும் குறையும். உங்கள் வைத்தியம் நோயை வளர்க்கும்.

கருவேலன்:
நான் இலையில் தெளிக்கச் சொன்னேன், நீங்கள் மண்ணைப் பற்றிப் பேசுகிறீர்கள். எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்.

தாழம்பூ:
இரண்டு பேரும் சத்தையே பேசுகிறீர்களே, எனக்கு எரு மேல்தான் சந்தேகம். களைக்கொல்லி அடித்த புல்லையோ வைக்கோலையோ மாடு தின்றால், அமினோபைரலிட் போன்ற மருந்து சாணத்திலும் அப்படியே வந்துவிடும், எரு மக்கினாலும் சீக்கிரம் அழியாது. மிளகாய், தக்காளி, அவரை எல்லாம் அதற்குத் தாங்காது, புது இலை குறுகி முறுக்கிக்கொண்டு வரும். அந்த எருவைக் கொஞ்சம் மண்ணில் கலந்து ஒரு தொட்டியிலும், எரு கலக்காத மண்ணை இன்னொரு தொட்டியிலும் போட்டு அவரை விதையுங்கள். எரு உள்ள தொட்டியில் மட்டும் துளிர் கோணினால் காரணம் எருதான்.

செம்பருத்தி:
வைரஸாக இருந்தால்? இலைச்சுருள் நோய்க்கு மருந்தே கிடையாது. வெள்ளை ஈ பரப்புவதற்குள் பிடுங்கி எறியுங்கள்.

முல்லைக்கொடி:
கீழ்ப்பக்கமாகத்தான் சுருள்கிறது. எரு மட்டும்தான் போட்டேன். இமிடாகுளோபிரிட் அடித்தேன், ஒரு பலனும் இல்லை. படம் சரியாக விழவில்லை.

மண்புழு:
இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். இலைப்பேன் என்றால் விளிம்பு மேல்நோக்கி மடியும். கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மஞ்சள் சிலந்தியை. வலை பின்னும் சிலந்தி இல்லை, கொழுந்தில் ஒட்டி வாழும் பேன் மாதிரிச் சிற்றுயிர். இலைக்காம்பு எலிவால் மாதிரி நீண்டிருக்கிறதா, இலை குறுகித் தடித்து அடிப்பக்கம் பழுப்பு மினுமினுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி கண்ணில் படாததில் ஆச்சரியம் இல்லை, அது 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். குறைந்தது 10 மடங்கு, முடிந்தால் 20 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். சுருண்ட பழைய இலையில் தேடாதீர்கள், இப்போதுதான் விரியும் கொழுந்தின் அடியில் தேடுங்கள். முட்டைமேல் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் வேறு குழப்பமே வேண்டாம்.

நீங்கள் அடித்த மருந்து சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கானது. எட்டுக் கால் சிலந்தியை அது ஒன்றும் செய்யாது.

வேப்பங்கொட்டை:
சிலந்தி என்று உறுதியானால் நனையும் கந்தகத் தூள் கேட்கும். பாக்கெட்டில் போட்ட அளவைத் தாண்டாதீர்கள், வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் கந்தகத்துக்கு முன் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். முட்டையிலிருந்து முழுச் சிலந்தியாக வெயில் காலத்தில் ஒரு வாரம் போதும், அதனால் ஒரு தடவை அடித்துவிட்டு விட்டால் திரும்ப வரும். அப்புறம், வெள்ளை ஈயையும் கவனியுங்கள், இந்தச் சிலந்தி அதன் காலைப் பிடித்துக்கொண்டு செடிவிட்டுச் செடி போகும்.

செம்பருத்தி:
அதற்குள் வைரஸாக இருந்து எல்லாச் செடியும் போய்விட்டால் யார் பொறுப்பு?

மண்புழு:
பயம் நியாயம்தான், அதற்காகப் பார்க்காமலே பிடுங்க வேண்டாம். சந்தேகமான தொட்டிகளைத் தனியாக நகர்த்தி வையுங்கள். சிலந்தி செத்தாலும் அது குத்திய இலை நிமிராது, எச்சிலின் பாதிப்பு சில வாரம் வரை புதுத் துளிரிலும் தெரியும், பிறகு இலை நேராக வரும். வைரஸ் என்றால் எத்தனை துளிர் விட்டாலும் சுருள்தான், பெரும்பாலும் நரம்பும் தடிக்கும், அப்போது பிடுங்குங்கள்.

கருவேலன்:
எப்சம் உப்பு தெளித்தாலும் தப்பில்லை என்பதுதான் என் கருத்து.

பழையவேர்:
லென்ஸ் வாங்கச் சொல்லியாகிவிட்டது, இன்னும் உப்பிலேயே நிற்கிறார்.

முல்லைக்கொடி:
லென்ஸில் பார்த்தேன், வெள்ளைப் புள்ளி வைத்த முட்டைகள் நிறைய. கந்தகம் அடித்துக்கொண்டிருக்கிறேன். மற்ற செடிகளில் துளிர் நேராக வருகிறது, ஒன்றில் மட்டும் இன்னும் சுருள்கிறது. எல்லோருக்கும் நன்றி.

மண்புழு:
அந்த ஒன்றில் நரம்பு தடித்திருக்கிறதா? சுருள் இப்போது மேல்பக்கமா கீழ்ப்பக்கமா?

தாழம்பூ:
அந்தத் தொட்டிக்கு மட்டும் வேறு எருவா?