மறு: ரெப்யூடேஷன் – 'நற்பெயர்' போதுமா?

வணக்கம். ரெப்யூடேஷன் (reputation), அதாவது ஒருவரைப் பற்றியோ நிறுவனத்தைப் பற்றியோ பிறர் கொண்டிருக்கும் மதிப்பீடு, என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எதை எழுதுவது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ரெப்யூடேஷனுக்கு 'நற்பெயர்' என்றே எழுதலாம். எல்லாருக்கும் புரிகிறதே?

புரிகிறது ஐயா, பாதி இடங்களில். நெருக்கடி மேலாண்மை பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்தபோது நானும் அப்படித்தான் தொடங்கினேன். 'மோசமான நற்பெயர் கொண்ட நிறுவனங்கள்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததை மெய்ப்புப் பார்த்தவர் வட்டமிட்டு அனுப்பினார். பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி. மூலச்சொல் நல்லதையும் கெட்டதையும் ஒருசேரத் தாங்குகிறது. நம் சொல்லிலோ 'நல்' முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'நன்மதிப்பு'க்கும் இதே நோய்தான். போதாததற்கு, கணக்கியலில் குட்வில் (ஒரு தொழிலின் நல்ல பெயருக்கு இடும் பண மதிப்பு) என்பதற்கு அது ஏற்கெனவே வாக்கப்பட்டுவிட்டது.

> அப்படியானால் 'பிம்பம்'?

இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். பிம்பம் என்பது நிறுவனம் தன்னைப் பற்றிக் காட்ட விரும்புவது. நாம் தேடும் சொல்லோ பிறர் கையில் இருப்பதைக் குறிக்க வேண்டும். நீங்கள் செய்வது, நீங்கள் சொல்வது, உங்களைப் பற்றிப் பிறர் சொல்வது ஆகிய மூன்றின் விளைவே ரெப்யூடேஷன் என்றுதான் பிரிட்டனின் பட்டய மக்கள் தொடர்பு நிறுவனம் (CIPR) விளக்குகிறது. அந்த வரிசையில் 'செய்வது' முதலில் நிற்பதைக் கவனியுங்கள்.

அதற்கு ஒரு சான்று: 1982இல் சிக்காகோ பகுதியில், டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். அதன் உற்பத்தியாளரான ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடிக் குப்பிகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பிரித்தால் தெரிந்துவிடும் உறையுடன் மருந்தை மீண்டும் கொண்டுவந்தது. மக்கள் தொடர்புப் பாடங்களில் இந்த நிகழ்வு இன்றும் சொல்லப்படுவதற்குக் காரணம் அழகான அறிக்கை அன்று. அறிக்கைக்குப் பின்னால் ஒரு செயல் இருந்தது. மக்கள் தொடர்பாளர் செய்திக்குறிப்பு அனுப்புபவர் மட்டுமல்லர். வெளியே என்ன பேசுகிறார்கள் என்பதை உள்ளே கொண்டுவந்து, முடிவெடுக்கும் மேசையில் வைப்பவரும் அவரே. 'பிம்பம்' என்று எழுதினால் இந்த வேலை முழுவதும் ஒப்பனையாகச் சுருங்கிவிடும்.

(மக்கள் தொடர்பு என்பதையே 'பொதுமக்கள் உறவு' என்று மாற்றலாம் என ஒருவர் எழுதியிருந்தார். உறவு பொருத்தமான சொல்தான். ஆனால் பதவிப்பெயராகவே ஊன்றிவிட்டதை இனி அசைக்க முடியாது.)

சரி, வேறு என்ன செய்வது? பழந்தமிழில் புகழுக்கு 'இசை' என்றும், பழிக்கு 'வசை' என்றும் அழகான இணை இருந்தது. இன்று 'நிறுவன இசை' என்றால் விளம்பரப் பாட்டு என்று நினைப்பார்கள். பேச்சில் நாம் வெறும் 'பெயர்' என்றே சொல்கிறோம்: பெயரெடுத்தான், பெயர் கெட்டது, பெயரைக் காப்பாற்றினான். நல்லது கெட்டது இரண்டுக்கும் பொருந்துகிறது. அதைக் கொடுப்பவர்களும் பிறர்தான். ஆனால் 'நிறுவனத்தின் பெயர் மேலாண்மை' என்றால் பெயர்ப்பலகை மாற்றுவது போல் ஒலிக்கிறது. 'பொதுப்பெயர்' இலக்கணத்துக்குப் போய்விட்டது. 'பெயர்மதிப்பு' என்று முதலில் நினைத்தேன். பெயரளவு மதிப்போடு (நாமினல் வேல்யூ) குழம்பும் என்று கைவிட்டேன்.

ஆகவே என் பரிந்துரை: பெயர்நிலை. மனநிலை, உடல்நிலை போல. நிலை என்பதால் உயரும், தாழும், தேறும். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

'தாமதமாகக் கேட்ட மன்னிப்பு நிறுவனத்தின் பெயர்நிலையை மேலும் தாழ்த்தியது.'
'பெயர்நிலை இடர்களை இயக்குநர் குழு ஆண்டுதோறும் ஆராயும்.'

இரண்டாவது வாக்கியம் எனக்கு உறுத்தவில்லை. முதலாவதில் 'பெயரை மேலும் கெடுத்தது' என்றே எழுதிவிடலாமோ என்ற சபலம் இன்னும் இருக்கிறது. கலைச்சொல் தேவைப்படாத இடத்தில் அப்படியே எழுதலாம் என்பதுதான் என் கருத்து. உறுத்துவதாக உணர்பவர்கள் மாற்றுச்சொல்லோடு வாருங்கள்; 'மோசமான' என்ற அடையை முன்னால் சேர்த்துச் சோதித்துவிட்டு அனுப்புங்கள்.