இரண்டு பிங் சேர்ந்து ஓடினால் மட்டும் 1000 மில்லிவினாடி தாமதம்

கேள்வி:
பழைய நெட்வொர்க் கார்டு ஒன்றின் லினக்ஸ் டிரைவரை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எழுதியவர் கிளம்பிப் பல வருடமாகிறது. வந்த பாக்கெட்டுகளை எடுக்கும் போல் ஃபங்ஷன் மேலே "இங்கே வரிசை முக்கியம்" என்று ஒரு கமென்ட், ஏன் என்று இல்லை. இதுவரை பழைய இன்டரப்ட் லைனில் (கார்டு சிபியுவைக் கூப்பிடும் சிக்னல்) ஓடியதைப் போன வாரம் எம்எஸ்ஐக்கு (அதே அழைப்பைச் செய்தியாக அனுப்பும் முறை) மாற்றினேன். ஒரு பிங் ஓடினால் சுத்தம். இரண்டு டெர்மினலில் இரண்டு பிங் ஓடவிட்டால், அவ்வப்போது ஒரு பதில் சரியாக 1000 மில்லிவினாடி கழித்து வருகிறது. பெரிய கோப்பை இழுத்தால் தெரிவதே இல்லை.

மறுமொழி 1:
இன்டரப்ட் மாடரேஷனை (இன்டரப்டுகளைச் சற்றுத் தேக்கி மொத்தமாக அனுப்புவது) அணைத்துப் பார்த்தீர்களா?

கேட்டவர்:
0 வைத்தும் அதேதான்.

மறுமொழி 2:
மாடரேஷன் ஒரு வினாடி வரை தேக்காது. அந்த 1000 பிங்கின் இடைவெளி. அதாவது பாக்கெட் ரிங்கில் (கார்டு பாக்கெட்டுகளைப் போடும் நினைவக வரிசை) வந்து உட்கார்ந்துவிட்டது, யாரும் எடுக்கவில்லை; அடுத்த வினாடி வந்த பாக்கெட்டின் இன்டரப்டில்தான் இதுவும் வெளியே வந்தது.

உங்கள் போல் ரிங்கைக் காலி செய்து, ஒரு சுற்றின் வரம்பான 64-க்குக் குறைவாகக் கிடைத்தால் நாப்பியை (இன்டரப்டை நிறுத்திவைத்துப் போலை ஓடவிடும் கர்னல் முறை) முடித்து, பிறகு மாஸ்க்கை (இன்டரப்டுக்குப் போட்ட தடையை) எடுக்கிறது, சரிதானே? கடைசியாக ரிங்கைப் பார்த்ததற்கும் மாஸ்க் எடுத்ததற்கும் நடுவில் இரண்டாவது பாக்கெட் நுழைகிறது. பழைய லைன் லெவல் வகை: ஸ்டேட்டஸ் பிட் (வேலை பாக்கி என்ற குறி) நிற்கும்வரை, மாஸ்க் எடுத்த கணமே லைன் எழும்பிவிடும். எம்எஸ்ஐ ஒருமுறை அனுப்பும் செய்தி. மாஸ்க்கில் இருந்தபோது நடந்ததற்கு இந்தக் கார்டு பிறகு செய்தி அனுப்பவில்லை என்று தோன்றுகிறது. (எல்லாக் கார்டும் இப்படி இல்லை.)

மாஸ்க் எடுத்த பிறகு ரிங்கை மறுபடி பாருங்கள். ஏதாவது இருந்தால் மாஸ்க் போட்டு நாப்பியைத் திரும்ப அழையுங்கள்; அதற்குள் இன்டரப்டும் வந்துவிட்டால் பயமில்லை, நாப்பி இரண்டுமுறை ஓடாது.

கேட்டவர்:
சேர்த்தேன். வெகுவாகக் குறைந்தது, ஆனால் ராத்திரி முழுக்க ஓடவிட்டதில் இரண்டு முறை வந்திருக்கிறது.

மறுமொழி 2:
மாஸ்க் ரெஜிஸ்டரில் எழுதியதும் அது கார்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. பிசிஐ-யில் (கார்டு செருகியிருக்கும் பஸ்) எழுதியது வழியில் தங்கலாம்; படித்தால் அது முதலில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதே ரெஜிஸ்டரை ஒருமுறை படித்துவிட்டுப் பிறகு ரிங்கைப் பாருங்கள்.

கேட்டவர்:
மூன்று நாளாக ஒன்றும் வரவில்லை. அந்தக் கமென்டின் கீழே காரணத்தையும் எழுதிவிட்டேன்.