சவாசனத்தில் படுத்தால் நெஞ்சுத் துடிப்புதான் கேட்கிறது: என்ன செய்வது?

தறிக்காரர், குமாரபாளையம்

எனக்கு வயது 54. பத்து விசைத்தறி ஓட்டுகிறேன். போன ஆடியில் ஒரு மதியம் கரண்ட் போனது. பத்துத் தறியும் ஒன்றாக நின்ற பிறகுதான் நெஞ்சுக்குள் தாறுமாறாக அடித்துக்கொள்வது தெரிந்தது. அதற்கு முன்பும் அடித்திருக்கலாம், தறிச் சத்தத்தில் யாருக்குத் தெரியும். தறிக்கு ஒரு தாளம் உண்டு. இதற்குத் தாளமே இல்லை.

ஈசிஜியில் ஒன்றும் அகப்படவில்லை. துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியை 24 மணி நேரம் மாட்டியதில்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்கும் நோய்), விட்டு விட்டு வரும் வகை என்று தெரிந்தது. சர்க்கரையும் பிரஷரும் இருப்பதால், துடிப்பைக் கட்டுப்படுத்தும் மெட்டோப்ரோலாலோடு, ரத்தம் உறையாமலிருக்க அபிக்சபான் காலை, இரவு இரண்டு வேளை.

மனதைத் தளர்வாக வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். மகள் போனில், சவாசனத்தில் படுத்தபடி கேட்டுச் செய்யும் யோக நித்திரைப் பயிற்சியைப் போட்டுக் கொடுத்தாள். அங்கேதான் சிக்கல். "மூச்சைக் கவனியுங்கள்" என்றதும் எனக்குத் துடிப்புதான் கேட்கிறது. ஒன்று தவறினால் அடுத்தது வருமா என்று காத்துக் கிடக்கிறேன். பிறகு எழுந்து விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுகிறேன், ஒரு ராத்திரியில் பத்துப் பதினைந்து தடவை. இப்படி வேறு யாருக்காவது உண்டா? பயிற்சி பழகிவிட்டால் மாத்திரையைக் குறைக்கலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர், தஞ்சாவூர்

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அபிக்சபானை நீங்களாகக் குறைக்கவே கூடாது. அது துடிப்புக்கான மாத்திரை இல்லை. இதயத்தின் மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்கும்போது இடது மேலறையின் ஓரப் பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். உங்களுக்குத் துடிப்பு தெரியாத நேரத்திலும் இது நடக்கலாம். நெஞ்சு அமைதியாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, வாய் கோணி வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

ஆக்சிமீட்டரை மகளிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். துடிப்பு ஒழுங்கில்லாதபோது அதில் வரும் எண் தாவிக்கொண்டே இருக்கும், பயம்தான் கூடும். நாடி பார்க்க வேண்டுமென்றால் மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இந்த நோய்க்குச் சரிவராது. காலையில் ஒரு முறை போதும்.

அப்புறம், இடது பக்கம் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரோடு ஒட்டி வரும், துடிப்பு பெரிதாகத் தெரியும். வலது பக்கம் படுத்துப் பாருங்கள். மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு: இவற்றில் எது வந்தாலும் பயிற்சியெல்லாம் பிறகு, உடனே 108.

எட்டு வருட அனுபவம், மதுரை

அண்ணா, எனக்கும் இதே நோய்தான். மூச்சைக் கவனிக்கும் பயிற்சி எனக்கும் ஒத்துவரவில்லை, ஏனென்றால் மூச்சும் துடிப்பும் இருப்பது ஒரே இடத்தில். கவனத்தை நெஞ்சிலிருந்து தூரமாகக் கொண்டுபோன பிறகுதான் நிம்மதி. பாதத்தில் தொடங்குவேன். கால் விரல்களை ஐந்து எண்ணும் வரை இறுக்கி, சட்டென விட்டுவிட வேண்டும். பிறகு கெண்டைக்கால், தொடை, கை, தோள், கடைசியாக நெற்றி. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் சுமார் நூறு வருடம் முன்பு வகுத்த முறை. இறுக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள். வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் மூன்றையும் என் டாக்டர் வேண்டாம் என்றார்.

யோகாவால் பலன் உண்டா என்றால், 2013இல் அமெரிக்காவின் கான்சாஸில் 49 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வாரம் இரண்டு வகுப்பு, மூன்று மாதம். நோயாளிகள் உணர்ந்த தாக்குதல்கள் சராசரியாக 3.8இலிருந்து 2.1ஆகக் குறைந்தன, பதற்றமும் தணிந்தது. சின்ன ஆய்வுதான், தனி ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. அடியோடு நின்றுவிடும் என்று எதிர்பார்த்துப் படுக்காதீர்கள்.

இன்னொன்று. எனக்குப் பெரும்பாலும் வந்தது பதற்றத்தில் இல்லை, ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்பின் வேலை என்றார் டாக்டர். ஏழரைக்கே இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்கிறேன், நிறையக் குறைந்திருக்கிறது. உங்களுக்கு எப்போது வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

தறிக்காரர், குமாரபாளையம் (மூன்று வாரம் கழித்து)

அக்காவுக்கும் தம்பிக்கும் ரொம்ப நன்றி. மாத்திரையில் கை வைக்கவில்லை. ஆக்சிமீட்டர் இப்போது மகள் பீரோவில்.

பாதத்தை இறுக்கித் தளர்த்துவது எனக்குப் பிடித்துப்போனது. முழங்காலுக்கு மேலே போவதற்குள் பல நாள் தூங்கிவிடுகிறேன். சத்தமே இல்லாத முழு அமைதி மட்டும் எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை, அதனால் பக்கத்துப் பட்டறையில் இரவு ஷிப்ட் ஓடும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். அந்தச் சத்தத்தில் நெஞ்சு கேட்பதில்லை.

நோட்டில் நாலு தடவை குறித்திருக்கிறேன். மூன்று, சனிக்கிழமை கூலி பட்டுவாடா முடித்துப் பத்தரைக்குமேல் சாப்பிட்ட ராத்திரிகள். வருகிற வியாழன் செக்கப், நோட்டையும் எடுத்துப் போகிறேன்.