ஐ.சி.யூ.வில் ஏழு வருடம் ஆன பிறகு மேல்படிப்பு எதற்கு?

எருத்தேம்பதி நர்ஸ்:
பி.எஸ்சி. நர்சிங் முடித்து, பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் ஏழு வருடமாக இருக்கிறேன். கோவைப் பக்கம் கிடைத்தால் கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் (தீவிர சிகிச்சை நர்சுக்கான மேல்படிப்பு) படிப்பில் சேரலாமா என்று யோசனை. இரண்டு வருடம். வீட்டில் நாலு வயதுப் பையன், மாமியார், வீட்டுக்கடன். கூட வேலை செய்பவர்கள், "ஏழு வருஷம் வென்டிலேட்டரோட குடித்தனம் நடத்திட்டு இனி என்ன படிக்கப் போறே" என்று சிரிக்கிறார்கள். மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

மெமு பயணி:
சிரிக்கிறவர்கள் சொல்வதுதான் சரி. நானும் நர்ஸ்தான், தினமும் பாலக்காட்டிலிருந்து கோவைக்கு ரயிலில் போய்வருகிறேன். இந்தியன் நர்சிங் கவுன்சில் இந்தப் படிப்பைக் கொண்டுவந்தது 2016 வாக்கில். இன்றுவரை முடித்து வருபவரை எந்தப் பதவியில் உட்கார வைப்பது என்று பல ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியாது. எங்கள் யூனிட்டில் ஒருவர் முடித்து வந்தார். பேட்ஜ் மாறியது, டூட்டி லிஸ்ட் அப்படியே இருந்தது. கேரளத்தில் தனியார் நர்சுக்கு அடிப்படைச் சம்பளம் 20,000 என்று 2018-ல் உத்தரவு வந்ததே, அது தெருவில் இறங்கிப் போராடி வாங்கியது. மேல்படிப்பைக் காட்டி யாரும் வாங்கவில்லை.

ஓய்வுபெற்ற சேச்சி:
தம்பி, சம்பளக் கணக்கில் உன்னோடு எனக்குச் சண்டையில்லை. என் கதையைக் கேள். சக்‌ஷன் செய்வதற்கு முன், அதாவது மூச்சுக் குழாயில் சேர்ந்த சளியை உறிஞ்சுவதற்கு முன், டியூபுக்குள் ஐந்து மில்லி சலைன் (உப்புநீர்) விடுவேன். சளி இளகும் என்று என் சீனியர் சொன்னது. அவருக்கு அவர் சீனியர் சொன்னது. பதினோரு வருடம் இப்படியே ஓடியது. அப்புறம் ஒரு வருட டிப்ளமோ படிக்கப் போனேன். முதல் மாதமே சொல்லிவிட்டார்கள்: சலைன் விட்டால் நாம் நினைப்பதுபோல் சளி இளகாது, ஆக்சிஜன் இறங்கும், டியூபில் ஒட்டியிருக்கும் கிருமி நுரையீரலுக்குள் போகும், வழக்கமாக இதைச் செய்யவே கூடாது என்று. அன்று ராத்திரி ஹாஸ்டலில் எனக்குத் தூக்கமில்லை. எத்தனை பேருக்கு விட்டிருப்பேன்! அனுபவம் கையை வேகமாக்கும். தப்பையும் அதே வேகத்தில் செய்யும்.

மெமு பயணி:
அதற்கு இரண்டு வருடம் எதற்கு சேச்சி? ஒரு மணி நேர கிளாஸ் போதுமே. ஆஸ்பத்திரி நடத்த வேண்டிய கிளாசுக்கு நர்ஸ் ஏன் கைக்காசு போட வேண்டும்?

ஓய்வுபெற்ற சேச்சி:
சலைனுக்கு ஒரு மணி நேரம் போதும், ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஏ.பி.ஜி. (ரத்த வாயுப் பரிசோதனை) வருகிறது. பி.எச். 7.21, கார்பன் டை ஆக்சைடு 68, அதாவது ரத்தத்தில் அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் ஏறியிருக்கிறது. புகைபிடித்து நுரையீரல் நாள்பட்டுக் கெட்டவர், வென்டிலேட்டரில் இருக்கிறார். எண்களை டாக்டருக்குப் போனில் வாசித்துவிட்டு வைத்துவிடலாம். மெஷின் கொடுக்கும் மூச்சு ரேட்டை ஏற்றினால் சரியாகுமா, இல்லை மூச்சை வெளியே விட நேரம் போதாமல் காற்று உள்ளே தேங்கித்தான் இப்படி ஆகிறதா என்று திரையில் அலையைப் பார்த்துவிட்டும் போன் போடலாம். ஆள் பிழைப்பது அதில் இருக்கிறது. இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் வராது.

சித்தூர்ப்புழை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எம்.எஸ்சி., பிராக்டிஷனர், டிப்ளமோ என்று மேல்படிப்பு மூன்று, எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறீர்கள். எம்.எஸ்சி.யில் கிரிட்டிக்கல் கேர், மெடிக்கல் சர்ஜிக்கல் பிரிவுக்குள் வரும். முடித்தவர்கள் பெரும்பாலும் கல்லூரியில் பாடம் எடுக்கப் போகிறார்கள். பிராக்டிஷனர் ரெசிடென்சி முறை, அதிக நேரம் நோயாளி பக்கத்திலேயே. அதில் சேர, பி.எஸ்சி.க்கு மேல் குறைந்தது ஒரு வருட அனுபவம் கேட்பார்கள், எருத்தேம்பதிக்கு ஏழு இருக்கிறது. டிப்ளமோ ஒரு வருடம், ஜி.என்.எம். (பி.எஸ்சி. இல்லாத நர்சிங் டிப்ளமோ) படித்தவரும் சேரலாம். இன்னொன்று, வாளையார் எல்லை தாண்டினால் நர்சைப் பதிவு செய்யும் மாநிலக் கவுன்சில் வேறு. கேரளப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு கோவையில் போய் நிற்காதீர்கள். பதிவு மாற்றும் காகித வேலையை முதலில் தொடங்குங்கள். நம் ஊரில் நோயாளி தமிழில் முனகுவார், டூட்டி மாறும்போது ஹேண்டோவர் மலையாளத்தில் நடக்கும், சார்ட் இங்கிலீஷில் இருக்கும். அதையே சமாளிக்கிறவர்களுக்கு இது பெரிதில்லை.

மெமு பயணி:
சரி, படிப்பு நல்லது என்றே வைத்துக்கொள்வோம். பிராக்டிஷனர் என்றால் முன்கூட்டியே எழுதிவைத்த ஸ்டாண்டிங் ஆர்டர்படி மருந்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்கிறார்கள். பி.பி.யைத் தூக்கும் நோர்அட்ரினலினை ஏற்றினேன், ஆள் போய்விட்டார் என்றால் கேஸ் யார் தலையில்?

ஓய்வுபெற்ற சேச்சி:
இப்போது மட்டும் ஏற்றாமலா இருக்கிறாய்? பி.பி. 70-க்கு இறங்கும்போது டாக்டர் போனை எடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டா நிற்கிறாய்? எழுத்தில் ஒன்றும் இல்லாமல் ஏற்றுகிறாயே, உன் தலைக்கு அதுதான் பெரிய ஆபத்து.

மெமு பயணி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் எழுதிக் கொடுக்கிற ஆஸ்பத்திரியை எனக்குக் காட்டுங்கள்.

எருத்தேம்பதி நர்ஸ்:
சேச்சி, நானும் சலைன் விடுகிறேன். முந்தாநாள் நைட்டிலும் விட்டேன். இதைப் படித்ததிலிருந்து வயிற்றைப் பிசைகிறது.
இன்று மேலிடத்தில் கேட்டுப் பார்த்தேன். படிக்க அனுப்புவார்களாம், திரும்பி வந்து மூன்று வருடம் இருக்க வேண்டுமாம், அதுவரை அசல் சர்டிபிகேட் அவர்கள் கையில் இருக்குமாம். மெமு அண்ணா, என்ன செய்ய?

மெமு பயணி:
அசலை மட்டும் கொடுத்துவிடாதே தங்கச்சி. 2011, 2012-ல் நர்சுகள் தெருவுக்கு வந்ததே சம்பளத்தோடு, இத்தனை வருடம் இருந்தாக வேண்டும் என்கிற இந்த பாண்டையும் சர்டிபிகேட் பிடித்து வைப்பதையும் எதிர்த்துத்தான். மூன்று வருடத்தை ஒன்றரையாகக் குறைக்கச் சொல்லிக் கேள், படிக்கும்போது சம்பளம் உண்டா என்பதை எழுத்தில் வாங்கு. பேப்பர் கைக்கு வந்ததும் ஆஸ்பத்திரிப் பெயரை மறைத்துவிட்டு இங்கே போடு. கையெழுத்துப் போடும் முன்.